டொமைன் ஓர் இடம், ஹோஸ்டிங் ஓர் இடம்: பிரித்து வைப்பது சரியா?

காசிமேடு வலைக்கடை
பிப்ரவரி 7, இரவு 10:15

வணக்கம். காசிமேட்டில் அப்பாவுக்கு வலை, கயிறு, மிதவை, ஈயக்குண்டு விற்கிற கடை. 2017இல் தெரிந்தவர் ஒருவர் கடைக்கு ஒரு வெப்சைட் செய்து கொடுத்தார். டொமைன் (சைட்டின் முகவரிப் பெயர்), ஹோஸ்டிங் (சைட்டை வைக்கிற சர்வர் இடம்), மெயில் மூன்றையும் அவரே வாங்கிவிட்டார். வருடத்துக்கு ஒருமுறை போன் செய்வார், அப்பா பணம் அனுப்புவார், அவ்வளவுதான்.

சைட்டில் பெரிதாக ஒன்றும் இல்லை. கண்ணி அளவு, நூல் கனம், விலை என்று ஒரு கேட்லாக். ஆனால் பழவேற்காட்டிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் அதைப் பார்த்துத்தான் வாட்ஸ்அப்பில் ஆர்டர் சொல்கிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். படகெல்லாம் கரையில் நிற்கிற அந்த 61 நாளில்தான் வலையைப் பிரித்துப் பார்த்துப் பழுது நீக்குவார்கள், புதிதாக வாங்குவார்கள். எங்கள் கடைக்கு அதுதான் சீசன்.

மூன்று மாதமாகச் சைட் அடிக்கடி திறப்பதே இல்லை. ஹோஸ்டிங்கை மாற்ற முடிவு செய்துவிட்டேன். புதிய கம்பெனி, "டொமைனையும் எங்களிடமே கொண்டுவாருங்கள், ஒரு வருடம் இலவசம்" என்கிறது. கூட வேலை செய்கிற நண்பர், "டொமைனை ஹோஸ்டிங்காரரிடம் கொடுக்காதே, தனியாக ஒரு ரெஜிஸ்ட்ராரிடம் வை" என்கிறார். இத்தனை சின்னக் கடைக்கு அது தேவையா? டொமைன் டாட் காம். மே 18 அன்று காலாவதி.

மூலக்கடை சிஸ்அட்மின்
பிப்ரவரி 7, இரவு 11:02

தம்பி, நண்பர் சொன்னது சரி. ஆனால் அதற்கு முன்னால் ஒரு கேள்வி: அந்த டொமைன் இப்போது யார் பெயரில் இருக்கிறது? அப்பா பெயரிலா, செய்து கொடுத்தவர் பெயரிலா?

இதில் பலருக்கும் குழப்பம் வருகிறது, அதனால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். டாட் காம் என்ற மொத்தப் பேரேட்டையும் வைத்திருப்பது வெரிசைன் என்ற கம்பெனி. டாட் இன் என்றால் நம் ஊர் நிக்ஸி அமைப்பு. இவர்கள் நேரடியாக நமக்கு விற்பதில்லை. பேரேட்டில் நம் பெயரை எழுதிக் கொடுக்கிற உரிமை பெற்றவர்தான் ரெஜிஸ்ட்ரார். டாட் காம் போன்றவற்றை அப்படி நேரடியாகப் பதிய, உலக அளவில் டொமைன் பெயர்களுக்கு விதி வகுக்கிற ஐகான் அமைப்பின் அங்கீகாரம் வேண்டும். ஹோஸ்டிங் கம்பெனி என்பது உங்கள் ஃபைல்களை வைக்க சர்வரில் இடம் வாடகைக்குக் கொடுப்பவர். பல ஹோஸ்டிங் கம்பெனிகள் ரெஜிஸ்ட்ராரே கிடையாது. வேறொரு ரெஜிஸ்ட்ராரிடம் வாங்கி மறுவிற்பனை செய்கிறார்கள்.

எம்.சி. ரோட்டில் கடை வாடகைக்கு எடுக்கிறீர்கள். அட்வான்ஸ் கொடுப்பீர்கள், வாடகை கொடுப்பீர்கள். உங்கள் ஜிஎஸ்டி சர்டிஃபிகேட்டையும் பேங்க் பாஸ்புக்கையும் கட்டட ஓனர் பீரோவில் வைத்துவிட்டு வருவீர்களா? அவர் நல்லவராகவே இருக்கட்டும். கடை காலி செய்கிற அன்றைக்குத்தான் அது எத்தனை பெரிய தலைவலி என்று தெரியும்.

ஹோஸ்டிங் அடிக்கடி மாறும். சர்வர் மந்தமாகும், விலை ஏறும், கம்பெனி கைமாறும். டொமைன் மாறவே கூடாது. அது உங்கள் விசிட்டிங் கார்டில், பில் புத்தகத்தில், படகுக்காரர்களின் போனில் இருக்கிறது. மாறுகிற பொருளையும் மாறக்கூடாத பொருளையும் ஒரே ஆளிடம் கொடுக்க வேண்டாம் என்பதுதான் என் எண்ணம்.

ஐகானின் லுக்கப் பக்கத்தில் உங்கள் டொமைனைப் போட்டுப் பாருங்கள். டொமைன் விவரம் பார்க்கிற வசதியை முன்பு ஹூ-இஸ் என்று சொன்னோமே, டாட் காம் போன்றவற்றுக்கு 2025 ஜனவரி 28 முதல் அந்த இடத்துக்கு ஆர்டாப் வந்துவிட்டது, பார்க்கிற விதம் ஒன்றுதான். ரெஜிஸ்ட்ரார் பெயர், காலாவதி தேதி, நேம்சர்வர் (டொமைன் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று வழி சொல்கிற கணினி), ஸ்டேட்டஸ் நான்கையும் இங்கே எழுதுங்கள்.

தண்டையார்பேட்டை 81
பிப்ரவரி 8, காலை 7:30

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். டியூஷன் சென்டர் நடத்துகிறேன். எட்டு வருடமாக டொமைன், ஹோஸ்டிங் இரண்டும் ஒரே கம்பெனியில்தான். ஒரே பில், ஒரே பாஸ்வேர்டு, பிரச்சினை வந்தால் ஒரே நம்பர். இரண்டு இடத்தில் வைத்தால் சைட் படுக்கும்போது ரெஜிஸ்ட்ரார் ஹோஸ்டிங்காரரைக் கை காட்டுவார், ஹோஸ்டிங்காரர் டிஎன்எஸ்ஸை, அதாவது நேம்சர்வரில் இருக்கிற வழிக்குறிப்புகளைப் பாருங்கள் என்பார். கடையைக் கவனிக்கிறவர் இதற்கு நடுவில் நின்று என்ன செய்வார்?

அப்புறம் இன்னொன்று. ரெனியூவல் தேதி இரண்டு என்றால் மறப்பதும் இரண்டு. பிரித்து வைத்த பிறகு மறந்து டொமைனை இழந்தவர்கள் இல்லையா? ரெஜிஸ்ட்ராரே கடையை மூடிவிட்டால் என்ன ஆகும்?

பாரிமுனை கிளியரிங்
பிப்ரவரி 8, காலை 9:48

லிங்கிச் செட்டித் தெருவில் கஸ்டம்ஸ் கிளியரிங் ஆபீஸ் நடத்துகிறேன். டெக்னிக்கல் விஷயம் எனக்குத் தெரியாது, நடந்ததைச் சொல்கிறேன்.

2019 நவம்பர், ஒரு திங்கட்கிழமை காலை. ஆபீஸ் பையன், "சார், சனிக்கிழமையிலிருந்து ஒரு மெயில்கூட வரவில்லை" என்றான். நெட் போயிருக்கும் என்று நினைத்தேன். கேபிளைப் பிடுங்கிச் செருகினோம், ரூட்டரை அணைத்துப் போட்டோம். பத்து மணிக்கு ஒரு இம்போர்ட்டர் போன் செய்து, "என் கன்டெய்னருக்கு அரைவல் நோட்டீஸ் வந்ததா?" என்றார். லைனருக்கு, அதாவது கப்பல் கம்பெனிக்குப் போன் போட்டால், "ஐயா, இரண்டு நாள் முன்பே அனுப்பினோம், திரும்பி வந்துவிட்டது" என்றார்கள். அப்போதுதான் எங்கள் வெப்சைட்டைத் திறந்து பார்த்தேன். எங்கள் பெயர் இருந்த இடத்தில் யாரோ ஒருவருடைய விளம்பரம்.

டொமைன் காலாவதியாகி ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. ரெனியூவல் நினைவூட்டல் எல்லாம் ஒழுங்காகத்தான் அனுப்பியிருக்கிறார்கள். எந்த மெயிலுக்கு? 2016இல் வேலையை விட்டுப் போன எங்கள் பழைய அக்கவுண்டண்டின் மெயிலுக்கு. அவர் போனதுமே அந்தப் பெட்டியை நானே மூடச் சொல்லியிருந்தேன். அதுவும் எங்கள் டொமைனிலேயே இருந்த மெயில். அதாவது டொமைன் நின்றால் அந்த மெயிலும் நின்றுவிடும். பூட்டிய வீட்டுக்குள்ளேயே சாவியை வைத்த மாதிரி.

எங்கள் தொழிலில் எல்லாமே மெயில். அரைவல் நோட்டீஸ், டெலிவரி ஆர்டர், பார்ட்டியின் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட். கஸ்டம்ஸின் ஐஸ்கேட் தளத்தில் நாங்கள் பதிந்திருந்ததும் இந்த மெயில்தான். டொமைனை ஹோஸ்டிங்காரரிடம்தான் வைத்திருந்தேன். அவர், "ரிடெம்ப்ஷனுக்குப் போய்விட்டது, மீட்க வேண்டுமானால் தனிக் கட்டணம்" என்றார். ரெனியூவல் தொகையைப் போலப் பல மடங்கு. கட்டினேன். திரும்பி வர மூன்று நாள் ஆயிற்று. அதற்குள் மணலி சிஎஃப்எஸ்ஸில் (கன்டெய்னர் கிடங்கில்) இருந்த இரண்டு கன்டெய்னருக்கு ஃப்ரீ டேஸ், அதாவது கட்டணமில்லாத நாட்கள், தாண்டிவிட்டது. பார்ட்டியிடம் கேட்க முடியுமா? தவறு எங்களுடையது. டிடென்ஷனை, அந்தத் தாமதக் கட்டணத்தை, நானே கட்டினேன்.

அதற்குப் பிறகு டொமைனைத் தனி ரெஜிஸ்ட்ராருக்கு மாற்றி ஐந்து வருடத்துக்குச் சேர்த்துக் கட்டிவிட்டேன். அந்த அக்கவுண்டுக்கு ஒரு தனி ஜிமெயில், அதில் என் நம்பரும் மகள் நம்பரும். வேறு எதற்கும் அந்த ஜிமெயிலைக் கொடுப்பதில்லை. நண்பர் தண்டையார்பேட்டைக்காரர் சொல்கிற சௌகரியம் எனக்குப் புரிகிறது, நானும் அப்படித்தான் இருந்தேன்.

மூலக்கடை சிஸ்அட்மின்
பிப்ரவரி 8, காலை 10:40

ஐயா எழுதியது எல்லோருக்கும் பயன்படும், அதனால் அந்தக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். டாட் காம் காலாவதியானதும் உடனே போய்விடாது. 45 நாள் வரை ரெஜிஸ்ட்ரார் சாதாரண விலையிலேயே ரெனியூ செய்ய விடலாம். ஆனால் அது அவர் விருப்பம், குறைத்தும் வைக்கலாம், அந்த நாட்களுக்குள்ளேயே ஏலத்துக்கு விடுகிறவர்களும் உண்டு. அதைத் தாண்டி அழித்துவிட்டால் 30 நாள் ரிடெம்ப்ஷன், மீட்கத் தனிக் கட்டணம். அப்புறம் 5 நாள் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. அதன்பின் யார் முதலில் பிடிக்கிறாரோ அவருக்கு.

ஐகான் விதிப்படி ரெஜிஸ்ட்ரார் காலாவதிக்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பும், ஒரு வாரம் முன்பும், முடிந்த 5 நாளுக்குள்ளும் நினைவூட்ட வேண்டும். அனுப்புவார்கள். அது போய்ச் சேருகிற மெயில் உங்களுடையதா என்பதுதான் விஷயம்.

81 அண்ணன் கேட்டது நல்ல கேள்வி. ரெஜிஸ்ட்ரார் மூடினால்? 2007இல் நடந்தது. ரெஜிஸ்டர்ஃப்ளை என்ற அமெரிக்கக் கம்பெனி குளறுபடியில் விழுந்தது, ஐகான் அதன் அங்கீகாரத்தை ரத்து செய்தது, டொமைன்கள் மொத்தமாகக் கோடாடி என்ற இன்னொரு ரெஜிஸ்ட்ராருக்கு மாற்றப்பட்டன. மக்கள் மாதக்கணக்கில் அவதிப்பட்டார்கள், அதை மறைக்க வேண்டாம். இன்றைக்கு அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு ரெஜிஸ்ட்ராரும் வாடிக்கையாளர் பதிவுகளின் நகலை வெளியே ஒருவரிடம் ஒப்படைத்து வைக்க வேண்டும். 2023 ஜூனில் கூகுளே தன் டொமைன் வியாபாரத்தை ஸ்குவேர்ஸ்பேஸ் என்ற கம்பெனிக்கு விற்கப் போவதாக அறிவித்தது. என் வாடிக்கையாளர்கள் சிலர் அதில் இருந்தார்கள். லாகின் செய்கிற இடம் மாறியது, ஒரு சைட்டும் அணையவில்லை.

ஹோஸ்டிங் கம்பெனி மூடினால் உங்கள் ஃபைல்களை இன்னொருவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்க அப்படி ஓர் ஐகான் கிடையாது. உங்கள் பேக்கப்பும், உங்கள் கையில் இருக்கிற டொமைனும்தான்.

காசிமேடு வலைக்கடை
பிப்ரவரி 8, பிற்பகல் 1:20

பார்த்துவிட்டேன் அண்ணா. ரெஜிஸ்ட்ரார் என்ற இடத்தில் நான் கேள்விப்படாத ஒரு பெரிய கம்பெனி பெயர். காலாவதி மே 18 சரிதான். நேம்சர்வர் இரண்டும் இப்போதைய ஹோஸ்டிங்கினுடையவை. ஸ்டேட்டஸில் கிளையண்ட் டிரான்ஸ்ஃபர் ப்ரொஹிபிட்டட் என்று இருக்கிறது. உரிமையாளர் பெயரை மறைத்திருக்கிறார்கள், தெரியவில்லை. பயந்துவிட்டேன்.

மூலக்கடை சிஸ்அட்மின்
பிப்ரவரி 8, பிற்பகல் 2:05

பயம் வேண்டாம். அந்த ஸ்டேட்டஸ் நல்லதுதான், திருட்டுத்தனமாக யாரும் இழுத்துப் போகாமல் இருக்கப் போட்ட பூட்டு. மாற்றும்போது திறக்கச் சொல்ல வேண்டும்.

பெயர் மறைந்திருந்தாலும் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறையாவது, "உங்கள் டொமைனின் விவரங்கள் சரியா, பார்த்துக்கொள்ளுங்கள்" என்று ரெஜிஸ்ட்ரார் உரிமையாளருக்கு நினைவூட்ட வேண்டும் என்று ஐகான் விதி இருக்கிறது. அப்பாவின் மெயிலில் ஸ்பாம் உட்படத் தேடுங்கள். இத்தனை வருடத்தில் ஒன்றுகூட வரவில்லை என்றால் பதிவில் இருப்பது அப்பாவின் மெயில் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது, கவனமாகப் படியுங்கள். "முதலில் அப்பா பெயருக்கு மாற்றிவிட்டு அப்புறம் டிரான்ஸ்ஃபர் செய்யலாம்" என்று தோன்றும். செய்யாதீர்கள். உரிமையாளர் விவரத்தை மாற்றினால் 60 நாள் டிரான்ஸ்ஃபர் பூட்டு விழலாம். சிலர் முன்கூட்டியே அதை வேண்டாம் என்று சொல்ல வழி வைத்திருப்பார்கள், எல்லோரும் இல்லை. இன்றைக்கு மாற்றினால் ஏப்ரல் 9 வரை கட்டிப்போட்ட மாதிரி. உங்கள் சீசன் ஏப்ரல் 15. அதனால் வரிசை இப்படி இருக்கட்டும்: புது ரெஜிஸ்ட்ராரிடம் அப்பா பெயரில் அக்கவுண்ட், பழையவரிடம் பூட்டைத் திறக்கச் சொல்லி ஆத் கோட் (டிரான்ஸ்ஃபருக்கு வேண்டிய ரகசியக் குறியீடு) வாங்குவது, டிரான்ஸ்ஃபர். விவரங்கள் புது இடத்தில் சரியாகிவிடும். பழைய ரெஜிஸ்ட்ரார் ஒன்றும் சொல்லாமல் இருந்தாலும் 5 நாளில் தானாக நகர்ந்துவிடும்.

டிரான்ஸ்ஃபருக்கு ஒரு வருடக் கட்டணம் கட்டுவீர்கள், அது வீண் இல்லை. இருக்கிற காலாவதி தேதியோடு ஒரு வருடம் சேரும். மே 18க்குப் பதில் அடுத்த வருடம் மே 18. இதனால்தான் கடைசி வாரம் வரை காத்திருக்க வேண்டாம் என்கிறேன், முன்னால் செய்தாலும் ஒரு நாள்கூடப் போகாது.

பெரம்பூர் டிசைனர்
பிப்ரவரி 8, இரவு 9:15

நான் அந்தப் பக்கத்தில் இருப்பவள், அதாவது கடைக்காரர்களுக்குச் சைட் செய்து கொடுப்பவள். எங்கள் பக்கத்தையும் கேளுங்கள். டொமைனை நம் பெயரில் வாங்குவது எல்லா நேரமும் கெட்ட எண்ணத்தில் இல்லை. கடைக்காரருக்கு மெயில் பார்க்கிற பழக்கம் இருக்காது. ஓடிபி கேட்டால் போனை எடுக்க மாட்டார். "நீயே பார்த்துக்கம்மா" என்பார். சரி என்று என் கார்டிலேயே எல்லாவற்றையும் போட்டு வைத்தேன், ஆட்டோ ரெனியூவலும் போட்டேன்.

2021 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் பேங்க் விதி வந்தது. கார்டில் தானாகப் பணம் எடுக்க வேண்டுமானால் முன்கூட்டியே நாம் ஓடிபி போட்டு அனுமதி பதிந்திருக்க வேண்டும். நான் வைத்திருந்த வெளிநாட்டு ரெஜிஸ்ட்ராரிடம் அந்த வசதியே இல்லை. ஆட்டோ ரெனியூவல் ஆன் என்றுதான் திரையில் பச்சையாகக் காட்டிக்கொண்டிருந்தது, பேங்க் ஒவ்வொன்றாக மறுத்துக்கொண்டிருந்தது. கொளத்தூரில் கலர் மீன் விற்கிற ஒருவரின் சைட் ஞாயிற்றுக்கிழமை சந்தை நேரத்தில் நின்றுபோனது. அவர் என்னைத் திட்டவில்லை. "நீ ஊரில் இல்லாமல் போயிருந்தா என்னம்மா பண்ணியிருப்பேன்?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வி என்னை ஆட்டிவிட்டது.

அன்றிலிருந்து நானே யாருக்கும் டொமைன் வாங்குவதில்லை. கடைக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் போனில், அவர் மெயிலில், அவர் யுபிஐயில் வாங்க வைக்கிறேன். அரை மணி நேரம் ஆகும். எனக்கு நேம்சர்வர் மாற்றுகிற அனுமதி மட்டும் தனியாகக் கொடுக்கச் சொல்வேன். சில ரெஜிஸ்ட்ரார்களிடம் அந்த வசதி இருக்கிறது. பழைய வாடிக்கையாளர் பெயர்களையும் ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

எனவே தம்பி, அவரிடம் பேசும்போது சண்டைக்குப் போவது போல ஆரம்பிக்காதீர்கள். அவரும் என்னைப் போல ஒருவராக இருக்கலாம்.

எண்ணூர் கருவாடு
பிப்ரவரி 9, காலை 6:50

அக்கா, நெத்திலிக் கருவாடு, வஞ்சிரக் கருவாடு பேக் செய்து கூரியரில் அனுப்புகிறேன். இன்ஸ்டாவில்தான் இதுவரை. இப்போதுதான் முதல் டொமைன் வாங்கப் போகிறேன். ஒரு இடத்தில் 99 ரூபாய், இன்னொரு இடத்தில் ஆயிரத்துக்கு மேல். எதை நம்பி வாங்குவது? டாட் இன் நல்லதா, டாட் காம் நல்லதா? தமிழிலேயே டாட் இந்தியா என்று கிடைக்கும் என்கிறார்களே?

மூலக்கடை சிஸ்அட்மின்
பிப்ரவரி 9, காலை 8:25

டாட் காமுக்கு வெரிசைன் ரெஜிஸ்ட்ராரிடம் வாங்குகிற மொத்த விலையை 2024 செப்டம்பரில் 10.26 டாலர் ஆக்கினார்கள். ஐகானுக்குத் தனியாகச் சில சென்ட். ரூபாயில் அதுவே 900ஐ நெருங்கும் அல்லது தாண்டும். அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. அப்படியென்றால் 99 ரூபாய்க்குக் கொடுப்பவர் முதல் வருடம் நஷ்டத்தில் கொடுக்கிறார். இரண்டாம் வருடத்திலோ ஹோஸ்டிங்கிலோ எடுத்துக்கொள்வார். அதனால் முதல் வருட விலையைப் பார்க்காதீர்கள், ரெனியூவல் விலையையும் டிரான்ஸ்ஃபர் விலையையும் பாருங்கள். விலைப்பட்டியலில் அந்த இரண்டையும் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது என்றால் நான் அங்கே வாங்க மாட்டேன். வலைக்கடை தம்பிக்குச் சொன்ன "ஒரு வருடம் இலவசம்" கதையும் இதுதான். நடுவில் ஹோஸ்டிங்கை விட்டு விலகினால், திருப்பித் தருகிற பணத்தில் டொமைன் கட்டணத்தைக் கழித்துக்கொள்கிறவர்கள் உண்டு. அந்தத் திட்டத்தின் நிபந்தனையைப் படித்துப் பாருங்கள்.

விலைக்கு அடுத்து நான் பார்ப்பது ஆத் கோட். கன்ட்ரோல் பேனலில் நாமே எடுக்க முடிகிறதா, டிக்கெட் போட்டுக் கெஞ்ச வேண்டுமா? கேட்ட 5 நாளுக்குள் தர வேண்டும் என்பது ஐகான் விதி. நல்ல ரெஜிஸ்ட்ராரிடம் ஐந்து நிமிடம்கூட ஆகாது. வெளியே போகிற கதவு எத்தனை சுலபமாகத் திறக்கிறது என்று உள்ளே போவதற்கு முன்பே பார்த்துவிடுவேன். டூ-ஃபேக்டர் லாகின் (பாஸ்வேர்டோடு ஓடிபி போல இன்னொன்றும் கேட்பது) கட்டாயம் இருக்க வேண்டும். டிஎன்எஸ் பேனல் இலவசமாக இருக்க வேண்டும், எந்தக் கம்பெனியின் நேம்சர்வரையும் போட விட வேண்டும். கிளவுட்ஃப்ளேர் என்ற கம்பெனியில் மொத்த விலைக்கே கொடுக்கிறார்கள், உண்மையிலேயே நல்ல விலை, ஆனால் சாதாரணத் திட்டத்தில் அவர்கள் நேம்சர்வரைத்தான் பயன்படுத்த வேண்டும். அது சிலருக்குப் பரவாயில்லை, தெரிந்து வாங்குங்கள். டிசைனர் அக்கா சொன்ன கார்டு பிரச்சினைக்காக, யுபிஐ எடுக்கிற, ஜிஎஸ்டி பில் தருகிற இடமாக இருந்தால் நம் ஊர்க் கடைகளுக்கு நிம்மதி.

டாட் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. ஒன்று மட்டும், ஐகானின் டிரான்ஸ்ஃபர் விதிகள் டாட் காம் போன்றவற்றுக்குத்தான், டாட் இன்னுக்கு நிக்ஸியின் விதிகள். அடையாளச் சரிபார்ப்பும் கேட்பார்கள், ஆதாரை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டாட் இந்தியாவும் நிக்ஸி நடத்துவதுதான். பெயர்ப் பலகையில் அழகாக இருக்கும். ஆனால் தமிழ் எழுத்து மெயில் முகவரியைப் பல ஃபார்ம்கள் இன்னும் ஏற்பதில்லை. ஆர்டர் வாங்குகிற முகவரி ஆங்கில எழுத்திலும் இருக்கட்டும்.

தண்டையார்பேட்டை 81
பிப்ரவரி 9, மாலை 6:40

அக்கவுண்ட் நம் பெயரில் இருக்க வேண்டும், மெயில் நம்முடையதாக இருக்க வேண்டும், அது வேறு டொமைனில் இருக்க வேண்டும். இந்த மூன்றையும் ஒத்துக்கொள்கிறேன். நேற்று இரவே போய்ப் பார்த்தேன், என் அக்கவுண்டில் சென்டர் மெயிலைத்தான் கொடுத்திருந்தேன், மாற்றிவிட்டேன். ஆனால் இந்த மூன்றையும் ஒரே கம்பெனியில் வைத்துக்கொண்டே செய்யலாமே? பிரிப்பதால் கூடுதலாக என்ன கிடைக்கிறது என்பதுதான் எனக்கு இன்னும் புரியவில்லை.

மூலக்கடை சிஸ்அட்மின்
பிப்ரவரி 9, இரவு 10:10

உங்கள் மூன்றும்தான் முதல் படி அண்ணா, பிரிப்பது அதற்கு அடுத்ததுதான். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. எல்லாம் உங்கள் பெயரில், ஒரே இடத்தில் என்றால் அடுத்தவர் பெயரில் இரண்டு இடத்தில் இருப்பதைவிட எவ்வளவோ மேல்.

பிரிப்பதன் பலன் ஒரு கெட்ட நாளில்தான் தெரியும். வியாசர்பாடியில் ஒரு பேக்கரிக்காரர் எனக்கு வாடிக்கை. அவர் சைட் ஓடுகிற வேர்ட்பிரஸ் மென்பொருளில் பழைய பிளகின் (துணை நிரல்) ஒன்றின் வழியாக யாரோ உள்ளே புகுந்து ஸ்பாம் அனுப்ப ஆரம்பித்துவிட்டார்கள். சனிக்கிழமை இரவு ஹோஸ்டிங் கம்பெனி அக்கவுண்டை முடக்கியது. அவர்கள் செய்தது நியாயம், பக்கத்து சைட்டுகளைக் காப்பாற்ற வேண்டும் அல்லவா. ஆனால் முடக்கினால் மொத்த அக்கவுண்டும் முடங்கும். ஹோஸ்டிங்கை நிர்வகிக்கிற சி-பேனல் திறக்கவில்லை, டொமைன் பகுதியும் அதே லாகினில். நேம்சர்வரை மாற்றி மெயிலையாவது வேறு இடத்துக்குத் திருப்பலாம் என்றால் அந்தப் பக்கத்துக்கே போக முடியவில்லை. செவ்வாய்க்கிழமை வரை பிறந்தநாள் கேக் ஆர்டர் ஒன்றும் அவருக்கு வந்து சேரவில்லை.

கொருக்குப்பேட்டையில் இன்னொருவருக்கும் இதே தாக்குதல், வேறு மாதத்தில். அவர் டொமைன் தனியாக இருந்தது. நான் வீட்டிலிருந்தே ரெஜிஸ்ட்ரார் பேனலில் நுழைந்து ஏ ரெக்கார்டை (சைட் எந்த சர்வரில் இருக்கிறது என்கிற டிஎன்எஸ் குறிப்பை) என் தற்காலிக சர்வருக்குத் திருப்பினேன், பழைய பேக்கப்பை ஏற்றினேன். சாப்பிட்டு முடிப்பதற்குள் சைட் வந்துவிட்டது. மெயில் வேறு இடத்தில் இருந்ததால் அது நிற்கவே இல்லை. உங்களுக்கு எட்டு வருடத்தில் அப்படி ஒரு நாள் வரவில்லை, வராமலே இருக்கட்டும்.

காசிமேடு வலைக்கடை
பிப்ரவரி 11, இரவு 8:30

இன்று அவரிடம் பேசினேன். ஊரை விட்டுப் போய் இரண்டு வருடம் ஆகிறதாம், இந்தத் தொழிலையே விட்டுவிட்டாராம். டொமைன் அவர் பெயரில்தான் இருக்கிறது. "இரண்டு வருட மெயின்டனன்ஸ் 14,000 பாக்கி, அதைக் கொடுத்தால் கோட் தருகிறேன்" என்கிறார். அப்பா, "கொடுத்துத் தொலை" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. டொமைனுக்கும் ஹோஸ்டிங்குக்கும் வருடா வருடம் பணம் அனுப்பிய பேங்க் ஸ்டேட்மென்ட் என்னிடம் இருக்கிறது.

பாரிமுனை கிளியரிங்
பிப்ரவரி 11, இரவு 9:20

தம்பி, இரண்டையும் பிரித்துப் பேசுங்கள். அவர் உண்மையிலேயே வேலை செய்திருந்தால் அந்தப் பணம் அவருக்குச் சேர வேண்டியது, அதைக் கணக்குப் போட்டுக் கொடுங்கள். செய்யாத வேலைக்குக் கொடுக்க வேண்டாம். டொமைன் கடையின் பெயர், அதை அடமானம் போலப் பிடித்து வைப்பது வேறு விஷயம். வாட்ஸ்அப்பில் எழுத்தாகக் கேளுங்கள், மரியாதையாகவே கேளுங்கள். போனில் மட்டும் பேசிவிட்டு விடாதீர்கள்.

மூலக்கடை சிஸ்அட்மின்
பிப்ரவரி 11, இரவு 9:55

ஐயா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டிரான்ஸ்ஃபரை மறுக்க ரெஜிஸ்ட்ராருக்கு என்னென்ன காரணம் செல்லும் என்று ஐகான் வரிசையாக எழுதி வைத்திருக்கிறது. மோசடிக்கு ஆதாரம், கோர்ட் உத்தரவு, முந்தைய பதிவுக் காலத்துக்கான டொமைன் கட்டணமே பாக்கி, இந்த மாதிரி. ஹோஸ்டிங் பாக்கியோ மெயின்டனன்ஸ் பாக்கியோ அதில் இல்லை. ஆனால் உங்கள் விஷயத்தில் சிக்கல், பதிவில் உரிமையாளர் அவர். ரெஜிஸ்ட்ராரைப் பொறுத்தவரை அவர் சொல்வதுதான் செல்லும். அதனால் சட்டம் பேசுவதைவிட அவர் மனதோடு கொடுப்பதுதான் வேகமான வழி. பேங்க் ஸ்டேட்மென்ட், கடை ஜிஎஸ்டி பதிவு, பழைய மெயில்கள் எல்லாவற்றையும் ஒரு ஃபோல்டரில் சேர்த்து வையுங்கள். மறுத்தால் அப்போது அதோடு ரெஜிஸ்ட்ராருக்கு எழுதலாம், வக்கீலையும் பார்க்கலாம்.

கோட் வந்ததும் அவசரப்பட்டு டிரான்ஸ்ஃபர் போடாதீர்கள். முதலில் இப்போதைய டிஎன்எஸ் ரெக்கார்டு ஒவ்வொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். ஏ ரெக்கார்டு, டபிள்யூ டபிள்யூ டபிள்யூ, எம்எக்ஸ் (மெயில் எந்த சர்வருக்கு வர வேண்டும் என்பது), அப்புறம் டிஎக்ஸ்டி வரிசையில் எஸ்பிஎஃப், டிகேஐஎம் (மெயில் உண்மையிலேயே நாம் அனுப்பியதுதான் என்று காட்டுபவை). பலர் முதல் மூன்றோடு நிறுத்திவிடுவார்கள். டிகேஐஎம் விட்டுப்போனால் மெயில் போகும், ஆனால் எதிரில் ஸ்பாமில் விழலாம். கொட்டேஷன் அனுப்பிவிட்டு ஏன் பதில் இல்லை என்று உட்கார்ந்திருப்பீர்கள். டிகேஐஎம் ஒரு நீளமான எழுத்துச் சரம், கையால் எழுதாமல் காப்பி செய்யுங்கள்.

டொமைன் மாற்றுவதையும் ஹோஸ்டிங் மாற்றுவதையும் ஒரே வாரத்தில் செய்ய வேண்டாம். ஏதாவது நின்றால் எதனால் நின்றது என்றே தெரியாது. இப்போது ரெஜிஸ்ட்ரார் மட்டும், நேம்சர்வர் பழையதே இருக்கட்டும். பார்க்கிறவர் ஒருவருக்கும் வித்தியாசமே தெரியாது. ஹோஸ்டிங் மாற்றுகிற போது இரண்டு நாள் முன்பே டிடிஎல்லை (டிஎன்எஸ் குறிப்பை மற்ற கணினிகள் எத்தனை நேரம் நினைவில் வைக்கலாம் என்கிற அளவை) 300 விநாடியாகக் குறைத்துவிடுங்கள், மாற்றம் சீக்கிரம் எல்லா இடத்துக்கும் போய்ச் சேரும்.

காசிமேடு வலைக்கடை
பிப்ரவரி 23, இரவு 10:40

எல்லோருக்கும் நன்றி. முடிந்துவிட்டது.

வாட்ஸ்அப்பில் ஐயா சொன்னபடி எழுதினேன். இரண்டு நாள் பதில் இல்லை. அப்புறம் அவரே கூப்பிட்டார். 2024இல் கேட்லாக்கை ஒருமுறை புதுப்பித்துக் கொடுத்தது உண்மை, அதற்கு 3,500 என்று பேசி முடித்து அனுப்பினேன். அன்று மாலையே பூட்டைத் திறந்து கோட் அனுப்பிவிட்டார். "தம்பி, இத்தனை வருஷமா இது என் தலையிலேயே இருந்தது, எடுத்துக்கிட்டது நல்லது" என்றார். டிசைனர் அக்கா சொன்னது சரிதான்.

புது ரெஜிஸ்ட்ராரில் அக்கவுண்ட் திறக்க அப்பாவையே பக்கத்தில் உட்கார வைத்தேன். ஓடிபி அவர் போனுக்கு வந்தது, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எண்ணாக வாசித்தார். யுபிஐயில் அவரே கட்டினார். ஆறாம் நாள் காலை மெயில் வந்தது. லுக்கப்பில் பார்த்தேன், காலாவதி அடுத்த வருடம் மே 18, சைட்டும் மெயிலும் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. படகு லைசென்ஸ், வலை கம்பெனி டீலர்ஷிப் காகிதம் எல்லாம் வைக்கிற ஃபைலில் அந்த ரசீதையும் பிரிண்ட் எடுத்து அப்பா போட்டுவிட்டார்.

டிஎன்எஸ் பக்கத்தை மொத்தமாகக் காப்பி செய்து வைத்திருக்கிறேன், 11 ரெக்கார்டு இருக்கிறது. அதில் இரண்டு எதற்கென்றே தெரியவில்லை, நாளை படம் எடுத்துப் போடுகிறேன் அண்ணா, பாருங்கள். ஹோஸ்டிங்கை மார்ச் மூன்றாவது வாரம் மாற்றுகிறேன். அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.